பீங்கானுக்கு வைத்த பொட்டு

வாங்க மேடம். அந்தச் சேர் வேண்டாங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரிங்க, விசாரணைக்கு வந்த ஆபீசர் காப்பி குடிச்சுட்டுப் போனாங்கன்னா ஊரு ஒண்ணு பேசும், எனக்கும் தெரியும். தண்ணியாவது குடிங்க. பேபி, மேடத்துக்குத் தண்ணி கொண்டா.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு சுத்தி வளைச்சுச் சொல்ல வேண்டியதில்லைங்க. பொன்மாரி கையைப் பத்தி எழுதறதுக்கு வந்திருக்கீங்க. அவ கவனமில்லாம கையை விட்டான்னு நீங்க எழுதினா, அவளுக்கு ஒண்ணும் கிடைக்காது. மெஷின் சரியில்லை, ஓட்டச் சொன்னது தப்புன்னு எழுதினா, என்ற யூனிட்டுக்குப் பூட்டு. எனக்கு விவரம் தெரிஞ்சவங்க அப்படித்தான் சொன்னாங்க. சட்டம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனா நீங்க எழுதப்போற ரெண்டு வரியில ஒண்ணு நானு, இல்லைன்னா அவ. அது எனக்கு நல்லாத் தெரியுதுங்க. ராத்திரி தூக்கமே இல்லை.

அதனால நான் ஒண்ணையும் மறைக்கப் போறதில்லை. அங்காத்தா சாமி படத்துக்கு எதுக்க உக்காந்துட்டுப் பொய் சொல்றதுக்கு எனக்கு நாக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

எங்களுக்கு மழைக்கோட்டுத்தானுங்க தொழில். ஸ்கூல் பிள்ளைங்க போடற கோட்டு. பிளாஸ்டிக் ஷீட்டைத் தையல் மெஷின்ல தைச்சா ஊசி போன ஓட்டையிலெல்லாம் தண்ணி இறங்கிரும். அதனால தைக்கறதில்லை, ஒட்டறது. பசை போட்டு இல்லீங்க, கரண்டுல. கீழ ஒரு தகடு, மேல ஒரு தகடு, மேல் தகட்டுல கோட்டு வடிவத்துக்குப் பித்தளை அச்சு. நடுவுல ஷீட்டை வெச்சுக் காலால மிதிச்சா அச்சு இறங்கும், ஒரு மூச்சு விடற நேரம், அச்சு மேல ஏறினதும் பாத்தா ஷீட்டு ரெண்டும் ஒண்ணாகியிருக்கும்.

எனக்குக் கரண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிராதீங்க. எங்கூட்டுக்காரர் போனப்பறம் இந்த யூனிட்டை ஒத்தையா நடத்திட்டு இருக்கறவ நான். இந்த மெஷினைப் பண்ணிக் கொடுத்தது ஜோதிலிங்கம்னு ஒரு இன்ஜினியர். பீளமேட்டுப் பக்கம் சொந்தமா பட்டறை வெச்சிருக்கறாரு. அவர் சொல்லிக் கொடுத்தது ஒரு வார்த்தை மாறாம மனசுல இருக்குது. ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து பாட்டு வருதே, அதே மாதிரி அலைதானாம் இது. முதல்ல துளியூண்டுதான் உண்டாகுமாம். அதை ஆம்ப்ளிஃபயர்ல பெருக்கிப் பெருக்கி, ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட்டா நிறுத்தறாங்களாம். மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் போடுவாங்களே, ரெண்டு தகடு, நடுவுல ஒரு பொருள், அதாட்டந்தான் இதுவும். அந்த வோல்ட்டுல பிளாஸ்டிக்கு உள்ளுக்குள்ளயே சூடாகி உருகி ஒட்டிக்குது. தீ இல்லை, புகை இல்லை.

அந்த மேல் தகட்டைத் தாங்கிப் பிடிக்கறது என்னன்னு நினைக்கறீங்க? இரும்பு இல்லீங்க. வெள்ளைப் பீங்கான். பின்னாடி கதவைத் திறந்தா வரிசையா கவுத்து வெச்ச டம்ளராட்டம் நிக்கும். ஜோதிலிங்கம் மெஷினை இறக்குன அன்னைக்கே எங்களை எல்லாம் நிக்க வெச்சுச் சொன்னாரு. "இந்தப் பீங்கான்தான் எல்லாம். இது சுத்தமா, காஞ்சு இருக்கற வரைக்கும் கரண்ட் தகட்டுலயே நிக்கும். அழுக்கோ ஈரமோ பட்டுச்சுன்னா பீங்கான் மேலயே நடந்து வந்துரும்." எனக்குச் சொன்னாரு, பேபிக்குச் சொன்னாரு, பொன்மாரிக்கும் சொன்னாரு. அப்ப இருந்தே அந்தப் பீங்கான் மேல எனக்கு ஒரு தனி மரியாதைங்க. அதை நீங்க முதல்ல எழுதிக்கணும். மெஷினை மதிக்காதவ நான் இல்லை.

இதுக்கு முன்னாடி வேற மெஷின் இருந்துச்சு, பழைய வால்வு மெஷின். அதை மிதிச்சா தெருவுல இருக்கற டிவியில எல்லாம் கோடு விழும். எதுத்த வீட்டு வாத்தியார் கிரிக்கெட்டு பாக்கற அன்னைக்கு எங்களுக்கு லீவுன்னே வெச்சுக்கலாம், அப்படி வந்து கத்துவாரு. டிவி எதுக்குங்க, உங்க மூஞ்சியிலயே ரன் ஓடுதேன்னு அவர்கிட்ட ஒரு நாள் சொல்லிட்டேன், அதுக்கப்பறம் ஆறு மாசம் பேசலை. அந்தத் தொல்லைக்காகத்தான் ஜோதிலிங்கம்கிட்டச் சொல்லிப் புதுசு பண்ணுனது. இதுல டிவிக்கு ஒண்ணும் ஆகறதில்லை. வாத்தியார் இப்ப சிரிச்சுப் பேசறாரு.

பழசுக்கும் புதுசுக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்குதுங்க. பழைய மெஷினுக்குப் பின்னாடி முழுக்க போல்ட்டு போட்டு மூடியிருக்கும். மெக்கானிக் வந்தாத்தான் திறக்கறது. அதனால ஆயுத பூஜைக்கு வெளிய இருக்கற பெயிண்டுத் தகட்டுக்குத்தான் பொட்டு வெப்போம். எத்தனை வருசம் அப்படி வெச்சு ஏமாத்திட்டு இருந்திருக்கறோம் பாருங்க. உயிர் உள்ள இருக்குது, பொட்டு வெளிய இருக்குது. புது மெஷினுக்குக் கண்ணாடி பதிச்ச, கைப்பிடி வெச்ச கதவு. திறந்தா கரண்ட் தானா நின்னுரும், அப்படி ஒரு ஏற்பாடு. எனக்கு அதைப் பாத்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. இந்த வருசம் முறையாச் செய்யலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

புரியுதுங்களா? சந்தனத்தைப் பன்னீர்ல குழைச்சு, ஒவ்வொரு பீங்கானுக்கும் மேல இருந்து கீழ வரைக்கும் மூணு பட்டை, நடுவுல குங்குமம். நானே என்ற கையால வெச்சேன். வேற யாரையும் தொட விடலை. ஒரு மணி நேரம் குனிஞ்சே நின்னதுல இடுப்பு விட்டுப் போச்சு. வெளிய வாழைக்கன்னு, உள்ள செண்டுமல்லி மாலை. பொரி, கடலை, சுண்டல், எல்லாத்துக்கும் சேலை. என்ற யூனிட்டுல வேலை பாக்கறவங்க யாரும் பூஜைக்கு வெறுங்கையோட போனதில்லைங்க. பொன்மாரிக்கு மாம்பழக் கலர் சேலை. அவளே கேட்டு வாங்குனது.

அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லணுமில்ல. சாத்தூர்ப் பக்கம். புருசன் விட்டுட்டுப் போயிட்டான், அம்மாவைக் கூட்டிட்டு இங்க வந்து ஒரு ரூம்ல இருக்கறா. கை வேகம். நெம்ப வேகம். ஷீட்டை எடுத்து வெக்கறதும் மிதிக்கறதும் உருவறதும் பாத்துட்டே இருக்கலாம். மீட்டர் முள்ளு எங்க நிக்கணும்னு பாத்து ட்யூனிங் திருகை ஒரு சிட்டிகை திருப்புவா. மழைக்காலத்துக்கு முன்னாடி ஆர்டர் நெருக்கும், அவ ஒருத்தி இருந்தாப் போதும்னு நான் நிம்மதியா இருப்பேன். நான் அவ மேல குறை சொல்றதுக்குன்னு உக்காரலைங்க. ஆனா வேகமா இருக்கறவங்களுக்கு ஒரு நிதானம் கம்மியாத்தான இருக்கும்.

மறுநாள் விசயதசமி. அன்னைக்கு மெஷினைச் சும்மா விடக்கூடாது, பேருக்காவது ஒரு கோட்டு ஓட்டியே ஆகணும். அது உங்களுக்கே தெரியும். விடிஞ்சதுல இருந்து தூறல். நான் சீக்கிரமே வந்து கதவைத் திறந்து பாத்தேன், ராத்திரி வெச்ச சந்தனம் காஞ்சு உதிர ஆரம்பிச்சிருந்துச்சு. அப்படியே விட முடியுங்களா? மறுபடியும் குழைச்சு, மேல ஒரு பூச்சு பூசி, மாவிலையில தீர்த்தம் தொட்டு உள்ள எல்லாம் தெளிச்சேன். சூடம் காட்டுனேன். கதவைச் சாத்திட்டு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள உக்காரு புள்ளேன்னு பொன்மாரியைக் கூப்பிட்டேன்.

என்ன கேட்டீங்க? ரப்பர் செருப்பா? கொடுத்திருக்கறனுங்க, எல்லாத்துக்கும் கொடுத்திருக்கறேன். ஆனா அன்னைக்குப் பூஜை இல்லீங்களா, செருப்போடவா நிப்பாங்க? எல்லாரும் வெறுங்கால்தான். நானும் வெறுங்கால்தான்.

அவ வந்தா. வந்து மெஷினுக்குப் பின்னாடி போய்க் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா. பாத்துட்டு, "அக்கா, ஈரம் காயட்டுமே. மத்தியானமா ஓட்டறேன்" அப்படின்னா.

மத்தியானம் ராகு காலம் மேடம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை நாள் நான் உக்காருன்னா உக்கார்ற பொண்ணு, நல்ல நாளும் அதுவுமா எதுக்குத் தயங்கறா? நீங்களும் பொம்பளை, உங்ககிட்ட நான் விரிச்சுச் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்கு முன்னால வரக்கூடாத நாளுன்னா ஒரு பொம்பளை இப்படித்தான் ஒரு சாக்குச் சொல்லி ஒதுங்கி நிப்பா. எனக்குச் சுருக்குனு ஆகிப் போச்சு. முந்தின நாள் சுண்டல் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அவதான். நான் நேராவே கேட்டுட்டேன், "ஏண்டி, சுத்தமாத்தான வந்திருக்கறே?"ன்னு. ஆமாங்க, எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. லோடு ஏத்தற பசங்களும் நின்னாங்க. தனியாக் கூப்பிட்டுக் கேக்கறதுக்கு நேரம் எங்க இருந்துச்சு, நல்ல நேரம் ஓடிட்டு இருக்குது.

அவ மூஞ்சி செவந்து போச்சு. விடுவிடுன்னு போய் உக்காந்துட்டா. இப்ப நீங்களே சொல்லுங்க, ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? நான் என்ன கழுத்தைப் பிடிச்சா உக்கார வெச்சேன்?

இதைத்தான் மேடம் நான் முக்கியமாச் சொல்றது. இந்த விசயத்தை நான் வேற யார்கிட்டயும் வாய் திறக்கலை. அந்தப் பொண்ணு மானத்தைக் காப்பாத்தணும்னு கம்முனு இருக்கறேன். நீங்களும் இதை எழுத வேண்டாம், மனசுல வெச்சுக்குங்க. அவளைக் கேட்டீங்களா? அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொன்னாளா? சொல்லுவா, பின்ன என்ன சொல்லுவா.

சரி. உக்காந்தா. ஷீட்டை வெச்சா. மிதிச்சா.

முதல்ல ஒரு வாசம் வந்துச்சுங்க. சந்தனம் கமகமன்னு. கோயில் கர்ப்பக்கிரகத்துல நிக்கறாப்பல இருந்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு, ஆத்தா வந்துட்டான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்குது, பின்னாடி கண்ணாடிக்குள்ள நீலமா ஒண்ணு ஓடுது. சர்ருன்னு ஒரு சத்தம். அடுத்து அச்சுல பொறி. ஷீட்டு கருகுது.

அந்த அச்சைப் பத்திச் சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். போன வருசம் இதே மாதிரி ஒரு தடவை பொறி அடிச்சு ஒரு அச்சு ஓரம் எரிஞ்சு போச்சு. பித்தளையில வெட்டி, சீவி, ராவி, ஒரு அச்சு பண்றதுக்குள்ள சீசனே போயிரும். அன்னைக்கு நான் பொன்மாரியை நல்லா வாங்கு வாங்குனு வாங்கிட்டேன். "சோறு போடற அச்சை எரிச்சுட்டு உக்காந்து வேடிக்கை பாத்திருக்கறே, கைய விட்டு ஷீட்டை உருவியிருந்தா அச்சு தப்பிச்சிருக்குமில்ல"ன்னு கேட்டேன். ஒரு நாள் பூராவும் அழுதுட்டே வேலை செஞ்சா. அதுக்கப்பறம் அவ கையில ஒரு அச்சுகூடப் போனதில்லை. சொன்னா மனசுல வாங்கிக்கற பொண்ணு, அதை நான் மறுக்க மாட்டேன்.

இந்தத் தடவை பொறி அடிக்கவும் "அச்சு, அச்சு"ன்னு கத்துனேன். கத்தமாட்டாங்களா? யாரா இருந்தாலும் கத்துவாங்க. அவ கைய உள்ள விட்டு ஷீட்டை இழுத்தா. காலை மிதியில இருந்து எடுத்திருந்தாப் போதும், எல்லாம் நின்னிருக்கும். காலை எடுக்கலை, கையை விட்டா. நான் அச்சுன்னுதான் சொன்னேன் மேடம். கையை விடுன்னு சொல்லலை. வேணும்னா பேபியைக் கேளுங்க, நான் கையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

அச்சு தப்பிச்சிருச்சு. ஒரு கீறல் இல்லை.

அவ கத்தக்கூட இல்லைங்க. எந்திரிச்சு நின்னு கையைப் பாத்துட்டே நின்னா. நானும் போய்ப் பாத்தேன். சோத்துக்கை, ஆள்காட்டி விரல்லயும் நடு விரல்லயும் வெள்ளையா ஒரு பொட்டு. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, கொப்பளம் இல்லை. பருப்பு தாளிக்கறப்ப எனக்கு இதைவிடப் பெரிசா பட்டிருக்குது. மஞ்சளைப் போடு, சரியாகிரும்னு சொன்னேன். அவ விரலை மடக்கப் பாத்தா, மடங்கலை. ஆட்டோ பிடிச்சு, பேபியைத் துணைக்கு ஏத்தி விட்டேன். நான் போகலை. பூஜை பாதியில நிக்குது, அதை முடிக்காம எப்படி வர்றது?

ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்கன்னா, வெளியில பொட்டளவுதானாம், உள்ள எலும்பு வரைக்கும் வெந்து போச்சாம். ஷீட்டு உள்ளுக்குள்ளயே சூடாகுதே, அதே மாதிரி விரலும் ஆயிருச்சுன்னு ஜோதிலிங்கம் சொல்றாரு. ரெண்டு விரலையும் எடுத்துட்டாங்க. எனக்கு அதைக் கேட்டு ரெண்டு நாளு சோறு இறங்கலை. மனுசிதான நானும். ஆனா வருத்தப்படறது வேற, குத்தத்தைத் தலையில சுமக்கறது வேற. இல்லீங்களா?

அந்த ஜோதிலிங்கம் வந்தாரு மேடம், அதையும் கேளுங்க. வந்தவர் கதவைத் திறந்தாரு. திறந்து பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. தலையில கை. "அக்கா, உள்ள சந்தனம் வெச்சீங்களா?"ன்னாரு.

"வெக்காம?"ன்னேன். லாரிக்கு வெக்கறாங்க, பஸ்ஸுக்கு வெக்கறாங்க, கம்ப்யூட்டருக்கு வெக்கறாங்க, அரிவாளுக்கு வெக்கறாங்க. எந்த லாரி சந்தனம் வெச்சதால எரிஞ்சு போச்சு? உங்க மெஷின் ஒண்ணுதான் சாமியைத் தாங்காத மெஷினான்னு கேட்டேன். ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேனே அக்கான்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நான் சொன்னேன், ஈரம்ங்கறது வேற, சந்தனம்ங்கறது வேற. தண்ணி ஒழுகுனா ஈரம். இது பூஜை. அவர் பண்ணுன மெஷின்ல எங்கயோ கோளாறு, அதை மறைக்கறதுக்குச் சாமி மேல பழியைப் போடறாரு. அவருக்கும் தொழில் இருக்குதில்ல, பேர் கெட்டுப் போகுமில்ல. எனக்கு அவர் மேல கோவம்கூட இல்லை.

இருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன். இதைப் பாத்தா நீங்களே கும்பிடுவீங்க. பேபி, சாமி மாடத்துல பட்டுத்துணியில சுத்தி வெச்சிருக்கறேனே, அதை எடுத்துட்டு வா. வலது கையில எடு.

பாருங்க. அவர் கழட்டி மாத்துன பழைய பீங்கான்ல ஒண்ணு. தூக்கிப் போடறேன்னாரு, நான்தான் விடலை. நான் வெச்ச மூணு பட்டை தெரியுதுங்களா? மத்த இடமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குது, பட்டை வெச்ச இடம் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் கரி. ஒரு நூல் அக்கட்ட இக்கட்ட நகரலை. நடுவுல குங்குமம் வெச்ச இடத்துல வெடிச்சிருக்குது பாருங்க. வந்த கண்டம் அத்தனையையும் ஆத்தா அந்த மூணு கோட்டுல வாங்கிக்கிட்டா. இல்லைன்னா அந்தப் பொண்ணு உயிரே போயிருக்கும். இதைக் கையில வெச்சுட்டு ஒரு நாள் பூராவும் அழுதேன்.

என்ன மேடம், இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? போட்டோ எடுக்கறீங்களா. எடுத்துக்குங்க. கையோட கொண்டு போகணுமா? எதுக்குங்க? அது சாமி மாடத்துல இருக்கற பொருளு. கரண்ட் எந்த வழியா வந்துச்சுங்கறதுக்கு இதுதான் சாட்சியா? சாட்சின்னா... யாருக்குச் சாட்சி? சரி, கொண்டு போங்க. அந்தப் பட்டுத்துணியை மட்டும் கொடுத்துருங்க. வேண்டாம், துணியோடவே கொண்டு போங்க.

அப்ப நீங்களும் ஜோதிலிங்கம் கட்சின்னு ஆயிருச்சு.

இல்லீங்க, நான் கோவிச்சுக்கலை. ஆனா ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதறது நியாயமில்லை. வாங்க, மெஷினையே பாருங்க. எல்லாம் புதுசு மாத்தியாச்சு, கண்ணாடியாட்டம் இருக்குது. செருப்பு... சரி, போட்டுட்டே வாங்க, பரவால்ல.

ஆமாங்க. வெச்சிருக்கறேன். நேத்து. புது உறுப்பு மாட்டின மெஷினைப் பூஜை போடாம ஓட்டறதா? அவர் போறப்ப, இன்னொரு தடவை உள்ள சந்தனம் வெச்சா என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சொல்லட்டும். நான் அவருக்குப் பயந்து சாமியை விட முடியுமா? யாரும் ஓட்டலைங்க இன்னும். ஆர்டர் அப்படியே கிடக்குது. இன்னைக்கு ஓட்டலாம்னு இருந்தேன், நீங்க வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு, உங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டறேன். நல்லா ஓடுச்சுன்னா மெஷின்ல ஒண்ணுமில்லை, அவ கவனக்குறைவுதான்னு நீங்களே எழுதிருவீங்கல்ல.

பேபி, வந்து உக்காரு.

பேபி, உன்னைத்தான்.

"எனக்கு வேண்டாங்க அக்கா"வா? என்ன வேண்டாம்? சரி, நீ வேண்டாம். வேற யாராவது வாங்க. ஏன் எல்லாரும் சுவத்தோட ஒட்டிட்டு நிக்கறீங்க? இத்தனை வருசம் நான் போட்ட சோறுதான தின்னீங்க. ஆபீசர் வந்தா வாய் வந்துருமாக்கும். பாருங்க மேடம், நீங்க இருக்கற தைரியம்.

நகருங்க, நானே உக்கார்றேன். ஆபத்துன்னு சொல்லாதீங்க மேடம், நீங்க ஒரு அடி தள்ளி நின்னு பாருங்க போதும். இந்தா, மெயின் போட்டாச்சு. பச்சை லைட்டு வந்துருச்சா. ஷீட்டை இப்படி வெக்கணும், ரெண்டு கையாலயும் ஓரத்தை நீவி விடணும். இங்க முள்ளு இருக்குது. இப்ப இதை மிதிச்சா...

இவ்வளவு கிட்டக்கவா இருக்குது இந்த அச்சு? நான் நின்னுட்டே பாத்துப் பழகினவ. உக்காந்து பாத்ததில்லை.

இருங்க. மிதிக்கறேன். கால் மரத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்லை. வயசாச்சில்ல.

என்ன சொன்னீங்க? பீங்கானை ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சுட்டு மிதிக்கணுமா? துடைக்கறதுக்கு என்ன நேரம் ஆகப்போகுது, ஸ்பிரிட்டு அந்த அலமாரியிலயே இருக்குது. ஆனா துடைச்சா என்னங்க அர்த்தம்? நான் வெச்ச சந்தனத்தை நானே துடைச்சுட்டு உக்காந்தா, அன்னைக்கும் துடைச்சிருக்கலாம்னுதான ஆகும். காயட்டும்னு அவ சொன்னப்பவே... இல்லைங்க. நான் துடைக்க மாட்டேன்.

மிதிக்கவும் வரமாட்டேங்குது.

மேடம், நீங்க அவளைப் போய்ப் பாத்தீங்கல்ல. நான் போகலை, மனசு வரலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ இப்ப எந்தக் கையில சாப்பிடறா?

அம்மா ஊட்டி விடறாங்களா.

சரி. கை கொடுங்க, எந்திரிக்கணும். பேபி, மெயினை அமத்து. நீங்க எழுதிக்குங்க மேடம். யூனிட் ஓனர் மயிலாத்தாள் ஓட்டிக் காட்டறதுக்குத் தயாராத்தான் இருந்தாங்க, அந்த நேரம் கரண்ட் இல்லைன்னு எழுதிக்குங்க. மேல என்னத்தைப் பாக்கறீங்க, ஓடற ஃபேனையா? அது வேற லைனுங்க.